பதினேழாம் மடைக்குக் கத்திய போன்

எனக்கு மறதிக்காரரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இந்தக் கதையில் நான் ஏதோ நல்லவன் போலத் தெரிந்தால் நீங்கள் ஏமாந்துபோகக் கூடாது. அக்கராயன் சந்தியில் ஒரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போன் திருத்துவேன், ரீலோட் போடுவேன், விண்ணப்பப் படிவம் அடித்துக் கொடுப்பேன். ஊரில் முந்நூறு பேரின் நம்பர் எனக்குப் பாடம். பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று வந்து நிற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளையின் பிறந்த நாளைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருப்பார்கள். அதையே மறந்திருப்பார்கள்.

ஜெயரூபி அக்கா கடைக்குள் ஒழுங்காக நுழைவதற்கே மூன்று தரம் எடுக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். திறப்பைப் பூட்டிலேயே விட்டது நினைவு வந்து திரும்பிப் போவார். திறப்போடு வந்து குடையைத் தேடிப் போவார். கடைசியில் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "நான் என்னத்துக்குத் தம்பி வந்தனான்?" என்று என்னைக் கேட்பார். நான் என்ன சாத்திரம் பார்க்கிறவனா?

அக்காவுக்கு நாற்பது வயது. கணவர் நிரஞ்சன் கட்டாரில் லொறி ஓடுகிறார். இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் வந்து ஒரு மாதம் நிற்பார். மகள் கம்சிகா இந்த வருசம் ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிறாள். வீடு, வளவு, வயல் எல்லாம் அக்காவின் தலையில். ஆள் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வேலையில் இறங்கிவிட்டால் இருட்டும்வரை நிமிரமாட்டார். ஆனால் இறங்க வேண்டுமே. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு விறகு எடுக்கப் போவார். விறகடியில் நிற்கும்போது மரத்தில் முருங்கைக்காய் தெரியும். அதைப் பிடுங்கத் தடி தேடுவார். தடி தேடுகிற இடத்தில் வேலிக்கு நட்ட கதியால் கம்பு சரிந்து கிடக்கும். அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருக்கும்போது குசினியிலிருந்து கருகல் மணம் வரும். வேலி வடிவாக நிற்கும். சோறு கரியாகிப் போயிருக்கும்.

இதற்கு ஊரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. "பாவம், சண்டைக்குள்ள பட்ட பாடு" என்று சொல்லித் தலையை ஆட்டுவார்கள். அக்காவுக்கு அந்தக் கதை பிடிக்காது. "நான் அஞ்சாம் வகுப்பிலயே புத்தகப் பையை வீட்டில விட்டிட்டுப் பள்ளிக்கூடம் போன ஆள். அப்ப சண்டையும் நிண்டு, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லாத்தையும் சண்டையில சாட்டினா அதுக்கே வெக்கம் வந்திடும்" என்பார். சண்டையில் அவர் இழந்தவை வேறு. அவற்றை அவர் மறக்கவில்லை, சொல்வதும் இல்லை.

கிளிநொச்சியில் ஒரு கிளினிக்குக்குப் போய்க் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு டொக்டர் அம்மா பொறுமையாக இருந்து கேட்டுவிட்டு, இது சோம்பலும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை, தலைக்குள் வேலையாட்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், கங்காணிதான் இல்லை என்று விளங்கப்படுத்தினாராம். எதை முதலில் செய்வது, எப்போது தொடங்குவது, எப்போது விடுவது என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. ஆகவே வெளியிலிருந்து ஒரு கங்காணியை வைத்துக்கொள்ளச் சொன்னாராம். போனில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றனவாம்.

"அப்பிடி ஒண்டு போட்டுத் தா தம்பி" என்று அக்கா போனை நீட்டினார். கங்காணி இல்லாவிட்டால் வேலையாள் தானாக மண்ணை வெட்டக் கூடாதோ என்று நான் நினைத்தேன். வாய் திறந்து சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

அக்கா அவ்வளவு அவதிப்பட்டதற்குக் காரணம் தண்ணீர் முறை. இந்த வருசம் குளத்தில் தண்ணீர் காணாது என்பதால், கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும் செய்வது, அதையும் ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பங்கு போடுவது என்று கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். எங்கள் வாய்க்காலில் இருபத்துநாலு பேர். ஆளுக்கு ஆறு மணித்தியாலத் தண்ணீர், ஆறு நாளுக்கு ஒருக்கால் முறை வரும். அக்கா காலை பத்து மணிக்குத் தன் மடையைத் திறந்து பின்னேரம் நாலு மணிக்கு அடைக்க வேண்டும். அவருடையது பதினேழாம் மடை. பக்கத்துக் கொங்கிறீற்றுக் கட்டையில் சிவப்பு மையால் பதினேழு என்று எழுதியிருக்கும். பதினெட்டாம் மடை என் அம்மாவின் பங்கு. அக்கா நாலு மணிக்கு அடைத்தால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். ஆகவே என்னுடைய உதவியில் பாதி சுயநலம்.

ஒருவர் தன் முறைக்கு வராவிட்டால் அந்த ஆறு மணித்தியாலத் தண்ணீரும் ஒருவருக்கும் உதவாமல் கழிவு வாய்க்காலில் ஓடிவிடும். குளம் வற்றிக்கொண்டிருக்கும்போது யார் பொறுப்பார்கள்? மூன்று தரம் தவறவிட்டால் பெயர் வெட்டு என்று கூட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பெயர் வெட்டுப்பட்டால் அந்தப் போகம் முடியும்வரை தண்ணீர் இல்லை, அடுத்த சிறுபோகத்துக்குப் பங்கும் இல்லை. வாய்க்கால் தலைவர் சிற்றம்பலம் அண்ணர் ஒரு கொப்பியோடு வரம்பில் நடந்து திரிவார். மே மாதம் முடிய முன்னமே அந்தக் கொப்பியில் அக்காவின் பெயருக்கு நேரே இரண்டு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. பயிர் கதிர் பொதிகிற குடலைப் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. ஒரு ஏக்கரும் பதராகிவிடும்.

முதற்கோடு மீனால் விழுந்தது. மண்வெட்டியோடு வயலுக்குப் போன அக்கா வழியில் மீன் விற்கிற வான் வண்டியைக் கண்டார். திரளி மீன் வாங்கினார். மீன் பழுதாகிவிடும் என்று வீட்டுக்குத் திரும்பினார். மீனை வெட்டிக் கழுவிக் குழம்பு வைத்து முடித்தபோதுதான் மண்வெட்டியைக் கண்டார்.

இரண்டாவது கோட்டின் கதையை அவர் எனக்குச் சொன்ன விதம் எனக்கு அப்போது பிடிக்கவே இல்லை. "மறக்கேல்லத் தம்பி. ஒன்பதரைக்கே வெளிக்கிட்டுக் கதிரையில இருந்தனான். பத்தடிச்சது தெரியும். பத்தரையும் தெரியும். எழும்பு எழும்பு எண்டு எனக்கே சொல்லுறன், கால் கேக்குதில்லை. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தபடி இருந்தன். பன்னிரண்டு ஆனாப் பிறகு போக வெக்கமாக் கிடந்தது."

"அதெப்பிடி அக்கா, தெரிஞ்சுகொண்டே?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்குதில்லை" என்றார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்த ஆறு மணித்தியாலத் தண்ணீரை நினைத்துத்தான் கொதித்தது, அக்காவை நினைத்தல்ல.

சரி, செயலிகளுக்கு வருவோம். சாதாரண அலாரம் ஏற்கெனவே சரிவராமல் போயிருந்தது. அது அடிக்கும், அக்காவின் பெருவிரல் அதை அணைக்கும், அணைத்தது அக்காவுக்குத் தெரியாது. ஆகவே செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரி போடுகிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தால் அறுபத்துநாலு வேலை எழுதியிருக்கிறார். பல்லு விளக்க, தேங்காய் துருவ, கம்சிகாவின் சப்பாத்துக்கு வெள்ளை பூச, மாமிக்கு ரெலிபோன், முறைத் தண்ணீர், மறுபடியும் மாமிக்கு ரெலிபோன். அதில் அறுபத்திரண்டு சிவப்பாகிக் காலம் கடந்துவிட்டது என்று காட்டியது. அந்தச் சிவப்பைக் காணப் பயந்து போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடியிருக்கிறார். அரிசி வாளிக்குள் என்ன அலாரம் கேட்கும்?

அடுத்தது ஒரு மரம் வளர்க்கிற செயலி. வேலை செய்யும்போது போனைத் தொடாமல் இருந்தால் உள்ளே ஒரு மரம் வளரும், தொட்டால் செத்துப்போகும். அக்காவுக்கு மரத்தில் பாசம் வந்துவிட்டது. அது செத்துப்போகுமே என்று கட்டாரிலிருந்து வந்த அழைப்பைக்கூட எடுக்கவில்லை. நிரஞ்சன் அண்ணை பயந்துபோய் எனக்குப் போன் அடித்தார். பிறகு, அலாரத்துக்குப் பதிலாகச் சொந்தக் குரலில் சொல்லிவைக்கிற ஒன்றைப் போட்டேன். "ஜெயரூபி, எழும்பு, தண்ணி" என்று அவரே பதிந்தார். போன் அப்படிச் சொன்னதும் "ஓம் ஓம்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் இருந்தார். மகளின் குரலில் பதிந்தோம். மூன்று நாள் வேலை செய்தது. நாலாம் நாள் அதற்கும் "ஓம் ஓம்".

ஒவ்வொரு தரமும் அக்கா கடைக்கு வந்து நிற்பார், நான் பெருமூச்சு விடுவேன். ஒவ்வொரு தண்ணீர் முறையும் நெருங்க நெருங்க எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் செயலிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் சாப்பிடும்போதும் தேடினேன். அம்மா, "ஆருக்கு மறதி, அவளுக்கோ உனக்கோ?" என்று கேட்டா.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அது கத்தத் தொடங்கினால் நிற்காது. எந்தப் பொத்தானை அமத்தினாலும் நிற்காது. முன்னரே குறித்துக் கொடுத்த ஒரு பொருளைப் போட்டோ எடுத்துக் காட்டினால்தான் வாயை மூடும். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்ச் சிவப்பு மையில் பதினேழு எழுதிய கட்டையைப் போட்டோ எடுத்து அதில் ஏற்றினேன். ஆறு நாளுக்கு ஒருக்கால், காலை ஒன்பதரைக்கும் பின்னேரம் நாலுக்கும் என்று போட்டேன். அக்காவின் பெருவிரலை நம்ப முடியாது என்பதால், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு நம்பரைப் போட்டுச் செயலியைப் பூட்டினேன். அந்தப் பூட்டில் எனக்குப் பெரிய பெருமை.

முதல் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்குச் சந்தியில் ஒரே அல்லோலகல்லோலம். அக்காவின் சைக்கிள் கூடையில் கிடந்த போன் அம்புலன்ஸ் வாகனம் போலக் கத்திக்கொண்டு போகிறது. நாய்கள் பின்னால் ஓடுகின்றன. பேக்கரியில் நின்றவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா முகம் சிவக்க மிதித்தார். ஆனால் போனார். பத்து மணிக்கு மடை திறந்தது. நாலு மணிக்கு அடைக்கவும் அது கத்தியது, அடைத்தார். அடுத்த முறை வியாழக்கிழமை, அதுவும் சரி. ஊர் அவருக்கு அம்புலன்ஸ் அக்கா என்று பெயர் வைத்தது. நான் கடையில் வந்தவன் போனவனுக்கெல்லாம் என் கெட்டித்தனத்தைச் சொன்னேன்.

அதற்கடுத்த புதன்கிழமையும் ஒன்பதரைக்குப் போன் கத்திக்கொண்டு கடையைத் தாண்டிப் போனது. நான் ஒருவரின் போனைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சிரித்தேன். பத்தேகாலுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. இனி என்ன, மரம் ஏதும் செத்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு, இந்த வேலையை முடித்துவிட்டு எடுப்போம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா கடைக்கு அடித்தா. "தம்பி, நாலு மணிக்கு எங்கட முறையெல்லோ. ரோச் லைற்றுக்குப் பற்றரி ரெண்டு கொண்டு வா. இரவு பத்து மணிமட்டும் நிக்கவேணும்."

"முறை நேற்றெல்லோ அம்மா?"

"நேற்றோ? திங்கக்கிழமை வற்றாப்பளைப் பொங்கல் நடந்தது. அண்டைக்கு எங்கட வாய்க்காலில ஆர் தண்ணி எடுத்தது? ஒரு நாள் தள்ளித்தானே போகும்."

வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று எங்கள் வாய்க்காலில் ஒருவரும் மடை திறப்பதில்லை. பாதிச் சனம் முல்லைத்தீவுப் பக்கம் போய்விடும், மிச்சச் சனம் விரதம். அன்றைய நாளை முறையில் எண்ணுவதும் இல்லை. இதை ஒருவரும் கூட்டத்தில் சொல்வதில்லை, கொப்பியில் எழுதுவதும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த விசயம். போனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். முந்நூறு நம்பர் பாடமாக வைத்திருக்கிற நான் இதை மறந்துபோனேன்.

விரல் விட்டு எண்ணினேன். எங்களுக்கு இன்றைக்கு நாலு மணி என்றால் அக்காவுக்கு இன்றைக்குப் பத்து மணி. மூன்று மணித்தியாலம் போய்விட்டது. போன் நேற்றுக் கத்தி, அக்கா நேற்றுப் போய், போட்டோ எடுத்து, போன் வாயை மூடியிருக்கும். வேலை முடிந்தது என்று பச்சை நிறத்தில் சரி போட்டிருக்கும். இன்றைக்கு அது கத்தாது. அக்கா நிம்மதியாக வீட்டில் இருப்பார். மூன்றாவது கோடு. அப்போதுதான் முந்தின நாள் இரண்டு அழைப்பு வந்ததும், திருப்பி எடுப்போம் என்று விட்டதும், விட்டது விட்டபடியே போனதும் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு அடித்தேன். போன் நிறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னது. கடையை இழுத்துப் பூட்டிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். வீட்டுப் படலை சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். நாய்தான் குரைத்தது. எங்கே போய்விட்டார்? தெரிந்துகொண்டே எங்கேயாவது கதிரையில் இருக்கிறாரோ? குளத்துக்கட்டு வீதியால் நான் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சிற்றம்பலம் அண்ணரிடம் என்ன சொல்வது என்று வழிநெடுகப் பாடமாக்கினேன். பிழை என்னுடையது, சிவப்புக் கோட்டை என் அம்மாவின் பெயருக்குப் போடுங்கோ என்று சொல்லலாமா? சொல்ல எனக்கு மனம் வருமா? வராது என்றுதான் நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பதினேழாம் மடையடியில் மோட்டார்சைக்கிளை விழுத்திவிட்டு இறங்கினேன். மடை திறந்திருந்தது. தண்ணீர் பயிருக்குள் போய்க்கொண்டிருந்தது. வரம்பில், பதின்மூன்றாம் மடைக்கார நடராசா அண்ணையின் காவல் கொட்டில் நிழலில், ஜெயரூபி அக்கா மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். சட்டை கசங்கிப் போயிருந்தது. முழங்கால்வரை சேறு காய்ந்து கிடந்தது.

"வா தம்பி" என்றார். "இப்ப எத்தினை மணி?"

"ஒண்டே முக்கால்."

"அப்ப இன்னும் ரெண்டேகால் மணித்தியாலம் கிடக்கு."

"எப்பவக்கா வந்தனீங்கள்?"

"நேற்று."

"நேற்று வந்து?"

"போகேல்ல."

பிறகு சொன்னார். "போன் கத்தினவுடன ஓடி வந்தனான். வந்து பாத்தா நடராசா அண்ணை தன்ர மடையைத் திறந்துபோட்டு நிக்கிறார். 'என்ன பிள்ளை, பொங்கல் வந்து போனதை விட்டிட்டியோ, உன்ர முறை நாளைக்கெல்லோ' எண்டார். அப்பதான் எனக்கு விளங்கினது. போட்டோ எடுத்துப்போட்டன், இனி இது நாளைக்குக் கத்தாது. மாத்துவம் எண்டா நீ நம்பர் போட்டுப் பூட்டி வைச்சிருக்கிறாய். உனக்கு ரெண்டு தரம் அடிச்சனான். பிறகு போனில சார்ஜும் முடிஞ்சு போச்சு."

"அதுக்காக ஒரு நாள் முழுக்க இதிலயோ? வீட்ட போய்ச் சாப்பிட்டுப் படுத்திட்டு வந்திருக்கலாமே."

"வீட்ட போனா நான் வேற ஆள் தம்பி" என்றார். சிரிக்கவில்லை. "வீட்ட போற ஆளை நான் நம்பமாட்டன். படலையைத் திறக்கேக்கையே அவளுக்கு வேற வேலை ஒண்டு கண்ணில படும். இல்லாட்டிக் கதிரையில இருந்திடுவாள். இஞ்சயெண்டா எழும்பவேணும் எண்டு கரைச்சல் இல்லை. ஏற்கெனவே எழும்பித்தானே வந்து நிக்கிறன். கம்சிகாவைப் பக்கத்து வீட்டில படுக்கச் சொல்லி நடராசா அண்ணையிட்டச் சொல்லிவிட்டனான். அவற்ற மனிசி சாப்பாடு கொண்டு வந்து தந்து, கொட்டிலுக்குள்ள என்னோட படுத்தவா. வாறவை போறவை எல்லாரிட்டயும் மணி கேட்டபடி இருந்தன்."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் தெளிந்தால் எனக்கு அப்படித்தான் வரும். "நடராசா அண்ணை இருக்கிறார், அவற்ற மனிசி இருக்கிறா, பக்கத்து வீடு இருக்குது. ஆரையாவது வந்து கூப்பிடச் சொன்னா வருவினம்தானே. பிறகேன் ரெண்டு மாதமா இந்தப் போனைக் கட்டிக்கொண்டு அழுறீங்கள்?"

அக்கா மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினார். "சொன்னா வருவினம் தம்பி. சின்னனில இருந்து நான் ஆக்களைக் கேட்டுத்தானே வந்தனான். முதல் அம்மாவைக் கேட்டன். பிறகு இவரைக் கேட்டன். இப்ப மகளைக் கேக்கிறன். எல்லாரும் ஞாபகப்படுத்துவினம், நல்ல ஆக்கள். ஆனா ஞாபகப்படுத்தேக்க அவையின்ர முகம் ஒரு மாதிரிப் போகும். ஒரு சின்ன நேரந்தான். அதைப் பாத்துப் பாத்து எனக்கு ஏலாமப் போச்சு. போன் கத்தும், ஊரைக் கூட்டும், ஆனா அதுக்கு முகம் இல்லையே. அதுக்காகத்தான் போன் வேணும் எண்டனான்."

பிறகு, "உன்ர கடைக்கு வாறதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக் கிடந்தது" என்றார்.

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் கூட என்று சொல்வது போலச் சொன்னார். சைக்கிளுக்கும் கடைக்குமாக அவர் மூன்று தரம் போய்வந்தது நினைவுக்கு வந்தது. திறப்பு, குடை என்று நான் கணக்கு வைத்துச் சிரித்த அந்த மூன்று தரமும். ஒவ்வொரு தரமும் நான் விட்ட பெருமூச்சு. செயலி மாற்றிக் கொடுக்கும்போதெல்லாம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"பிழை என்னிலதான் அக்கா" என்றேன். "பொங்கலை நான் மறந்துபோனன். நீங்கள் அடிச்சதுக்குத் திருப்பி அடிக்கவும் மறந்துபோனன்."

"அது பறவாயில்லை" என்றார். "மறக்கிறதுதானே."

நான் அந்த வரம்பில் நாலு மணிவரை இருந்தேன். ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். கை போனைத் தேடியது. கால் தானாக ஆடியது. கடைக்கு யார் வந்து திரும்பிப் போகிறார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது. எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். அக்கா அசையாமல் இருந்தார். இடையில் சிற்றம்பலம் அண்ணர் கொப்பியோடு வந்தார், மடையைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போனார். நான் மணி சொன்னதும் அக்கா எழும்பி நாலு வெட்டு மண் வெட்டிப் போட்டு மடையை அடைத்தார். தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா தூரத்தில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தா. பற்றரி கொண்டுவர மறந்துபோனது அவவைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மண்வெட்டி வரம்பிலேயே கிடந்தது. அதை நான் கடைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த நாள் அக்காவின் செயலியில் நாளை மாற்றினேன், பூட்டைக் கழற்றினேன், நாள் மாற்றுவது எப்படி என்று கம்சிகாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த முறை புதன்கிழமை. அன்றைக்கு ஒன்பதேகாலுக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மண்வெட்டியோடு அவருடைய படலையடியில் போய் நின்றேன். ஒன்பதரைக்குப் போன் உள்ளே கத்தத் தொடங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. அக்கா உடுத்து வெளிக்கிட்டுக் கதிரையில் இருந்தார். போன் மடியில் கிடந்து கத்தியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. ஒரு மனிதருக்கு அப்படி நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் நான் என் கண்ணால் கண்டேன்.

கூப்பிட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெருமூச்சும் வந்தது, அதையும் அடக்கினேன். முகத்தை எப்படி வைத்திருப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருசமாக அவர் பார்த்துக்கொண்டு வந்த முகம் என்னில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வேலியைப் பார்த்தேன். அவர் நிமிர்த்திக் கட்டிய கதியால் துளிர்த்திருந்தது. அதில் எத்தனை துளிர் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். போன் கத்தியபடியே இருந்தது.

பதினொரு துளிர் எண்ணி முடிய, கதிரை தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"வாறன் தம்பி" என்றார் அக்கா.

நான் மண்வெட்டியை எடுத்து அவருடைய சைக்கிளில் வைத்துக் கட்டினேன்.